டீச்சரைக் கேளுங்கள்: ஜப்பான் மலைக்கோயிலில் மூன்று இரவுகள்

சென்ற மாதம் இந்தப் பக்கம் வரவில்லை. "டீச்சர் வெளியூர் போயிருக்கிறார்" என்று ஆசிரியர் ஒரு வரி போட்டுவிட்டு, அந்த இடத்தில் பலாக்கொட்டைக் குழம்பு வைத்துவிட்டார். வெளியூர் என்பது ஜப்பான் என்று சுங்கை சிப்புட் காலைச் சந்தையில் என் அண்ணி சொல்ல, செய்தி பேராக் முழுவதும் பரவிவிட்டது. இந்த மாதத் தபாலில் மாமியாரும் இல்லை, மூட்டுவலியும் இல்லை. எல்லாரும் கேட்பது கோயாசான் பற்றித்தான். சரி, இந்த மாதம் அதற்கே.

விவரம் தெரியாதவர்களுக்கு: கோயாசான், ஒசாகாவுக்குத் தெற்கே வாக்கயாமா மாநிலத்தில் ஏறக்குறைய 800 மீட்டர் உயரத்தில் இருக்கும் மலையூர். கூக்காய் என்ற துறவி 816இல் மன்னரிடம் இந்த மலையைக் கேட்டுப் பெற்று, ஷிங்கோன் என்ற பௌத்தப் பிரிவுக்குத் தலைமையிடமாக்கினார். இன்று 117 கோயில்கள் இருக்கின்றன. அவற்றில் ஐம்பது வரை வெளியாருக்கு அறை கொடுக்கின்றன. அப்படிப்பட்ட கோயில் விடுதிக்கு 'ஷுக்குபோ' என்று பெயர். ஏப்ரல் மூன்றாம் வாரம் நானும் அண்ணியும் அங்கே மூன்று இரவு தங்கினோம். எனக்கு வயது 67, அவருக்கு 71. ஒசாகாவில் வேலை பார்க்கும் என் பழைய மாணவி ஒருத்தி எல்லா ஏற்பாடும் செய்து, ரயிலில் ஏற்றிவிட்டு, "டீச்சர், பத்திரம்" என்றாள். ஒன்றாம் வகுப்பில் வாசற்படியில் நின்று அவளிடம் நான் சொன்ன அதே வார்த்தை.

கோயில் விடுதி என்றால் நம் சத்திரம் போல இலவசமா? எப்படிப் போவது? (பீடோரிலிருந்து ஒரு வாசகர்)

இலவசம் என்ற நினைப்பை இப்போதே விட்டுவிடுங்கள். இரவு, காலை உணவுடன் ஆளுக்கு ஓர் இரவு 15,000 யென் கொடுத்தோம். நம் பணத்தில் நானூறு வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல். மலிவான அறைகளும் உண்டு, தோட்டம் பார்த்த அறை என்றால் இன்னும் ஏறும். முன்பதிவு இல்லாமல் போய் வாசலில் நிற்காதீர்கள்.

மலேசியக் கடப்பிதழுக்கு 90 நாள் வரை விசா தேவையில்லை. கோலாலம்பூரிலிருந்து ஒசாகாவின் கான்சாய் நிலையத்துக்கு ஏறக்குறைய ஏழு மணி நேரம். அங்கிருந்து நான்காய் ரயில். தெங்காச்சாயாவில் மாறி கோக்குராகுபாஷி வரை போக வேண்டும். அங்கிருந்து பினாங்குக் கொடிமலை ரயில் போல ஒன்று, ஐந்தே நிமிடத்தில் செங்குத்தாக மேலே இழுத்துப் போய்விடுகிறது. பிறகு பஸ். கோக்குராகுபாஷி என்றால் 'சொர்க்கப் பாலம்' என்று பொருள் சொன்னேன். "திரும்பி வர டிக்கெட் எடுத்திருக்கிறாயா?" என்றார் அண்ணி.

மாலை ஐந்துக்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். ஆறு மணிக்குச் சாப்பாடு, ஒன்பது மணிக்குக் கதவடைப்பு, மறுநாள் காலை ஆறரைக்கு வழிபாடு. பக்கத்து அறை வெள்ளைக்கார இளைஞர்கள் முனகிக்கொண்டே எழுந்தார்கள். ரப்பர் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் விடியற்காலைப் பெரட்டுக்கு அப்பா ஓடுவதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு ஆறரை மணி என்பது பாதிப் பகல்.

நான் சுத்த சைவம். அங்கே பட்டினி கிடக்க வேண்டுமா? (தெலுக் இந்தானிலிருந்து ஒரு வாசகி)

ஜப்பானிலேயே உங்களுக்கு ஏற்ற இடம் அதுதான் அம்மா. கோயில் சாப்பாட்டில் இறைச்சி, மீன் மட்டுமல்ல, வெங்காயமும் பூண்டும்கூடக் கிடையாது. 'ஷோஜின்' சமையல் என்கிறார்கள். சாறு எடுப்பது கடற்பாசியிலும் காய்ந்த காளானிலும். நம் வீட்டுப் புரட்டாசிச் சனிக்கிழமையைவிடக் கண்டிப்பு.

பாய் விரித்த அறையில் ஆளுக்கொரு குட்டைக் கால் தட்டு வந்தது, சிவப்பு அரக்குப் பூசியது. அதில் ஏழெட்டுக் கிண்ணங்கள், எதிலும் மூன்று வாய்க்கு மேல் இல்லை. மலைக்கீரை பஜ்ஜி, ஊறுகாய் இரண்டு துண்டு, மிசோ சாறு, ஒரு கிண்ணம் சோறு. உறைபனியில் காயவைத்த கோயா தோஃபு, பஞ்சு மாதிரி சாற்றைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தது. நடுநாயகம் எள்ளுத் தோஃபு. எள்ளை நைய அரைத்துப் பால் பிழிந்து, ஒரு கிழங்கு மாவைச் சேர்த்து விடாமல் கிண்டி ஆறவைப்பார்களாம். பெயர்தான் தோஃபு, சோயா கிடையாது. தொட்டால் கைக்குழந்தையின் கன்னம். அதன் தலையில் பச்சையாக ஒரு சிட்டிகை இருந்தது. கொத்தமல்லிச் சட்டினி என்று நினைத்து அண்ணி அதை மொத்தமாக வாயில் போட்டார். அது வசாபி என்ற காரப் பச்சை விழுது. அண்ணன் இறந்தபோதுகூட அண்ணி அப்படி அழுததில்லை. பரிமாறிய இளந்துறவி முழந்தாளிட்டபடியே தண்ணீருக்கு ஓடினார்.

உப்பும் காரமும் நம் நாக்குக்குப் போதாது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அண்ணி பையில் ஒரு போத்தல் நெத்திலி சம்பால் கொண்டுவந்திருந்தார். எறும்புக்கும் தீங்கு நினைக்காத வீட்டில் நெத்திலியைத் திறக்க நான் விடவில்லை. மூன்று இரவும் அந்தப் போத்தல் என் தலையணைக்கு அடியில் உறங்கியது.

ஓர் எச்சரிக்கை: கோயிலை விட்டு வெளியே வந்தால் கதை வேறு. கடையில் 'காய்கறி நூடுல்ஸ்' என்று கேட்டாலும் சாறு பெரும்பாலும் காய்ந்த சூரை மீனில் இறக்கியதாக இருக்கும்.

இன்னொன்றையும் மறைப்பானேன். அதே சைவத் தட்டோடு சாக்கே மது வேண்டுமா என்றும் கேட்டார்கள். கோயிலில் அதற்கு 'ஹன்னியாதோ' என்று செல்லப்பெயர், 'பிரக்ஞை நீர்' என்று சொல்லலாம். எங்கள் தோட்டத்துக் கள்ளுக்கடைக்கு இப்படியொரு பெயர் யாருக்கும் தோன்றாமல் போனது நல்லதாயிற்று.

குளியல் எல்லாருக்கும் பொதுவாமே! எப்படிச் சமாளித்தீர்கள்? (கூலிமிலிருந்து ஒரு வாசகி)

பெண்களுக்குத் தனி, ஆண்களுக்குத் தனி. ஆனால் உள்ளே ஒரு நூல்கூடக் கூடாது. லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) பொதுக் குழாயடியில் மார்புக்கு மேல் சாரோங் கட்டிக் குளித்து வளர்ந்தவர்கள் நாங்கள். சாரோங்கோடு இறங்கலாமா என்று கேட்டேன். விடுதிப் பெண்மணி சிரிக்காமல் தலையை மட்டும் ஆட்டினார். சின்ன முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு நன்றாக அலசிய பிறகே தொட்டியில் இறங்க வேண்டும். தொட்டி நீர் அழுக்குப் போக்க அல்ல, ஊறுவதற்கு. முதல் நாள் நான் மட்டும் போனேன். இரண்டாம் நாள், யாரும் இல்லாத நேரம் பார்த்து அண்ணி வந்தார். மூன்றாம் நாள் என்னை எழுப்பி அழைத்துப் போனார். அந்தக் குளிரில் வெட்கம் இரண்டு நாளுக்கு மேல் தாங்காது.

சக்குரா பூ பார்த்தீர்களா? (சுங்கை பட்டாணியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி)

பார்த்தோம். ஒசாகாவில் ஏப்ரல் முதல் வாரத்தோடு முடிந்துவிடுகிறது. மலையில் குளிர் அதிகம் என்பதால் பாதி ஏப்ரலுக்குப் பிறகே மலர்கிறது. பிந்திப் போகிறவர்களுக்கு அது ஒரு வசதி. மாதக் கடைசியில் மட்டும் போகாதே. ஏப்ரல் 29 முதல் மே 5 வரை ஜப்பானியர்களுக்குத் தொடர் விடுமுறை, அறை கிடைக்காது. கேமரன் மலையில் ஸ்வெட்டர் போட்டதையெல்லாம் குளிர் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அங்கே இரவில் ஐந்து பாகை.

பூவின் கீழ் நின்றபோது எனக்கு நினைவுக்கு வந்தது பால்மரம், அதாவது ரப்பர் மரம். பிப்ரவரி, மார்ச்சில் நம் பால்மரங்கள் மொட்டையாகும், பிறகு செம்பு நிறத்தில் துளிர்க்கும். அழகுதான். ஆனால் அந்த மாதங்களில் பால் குறையும், பால் குறைந்தால் அப்பாவின் சம்பளம் குறையும், கடைக்காரர் நோட்டில் கடன் ஏறும். அம்மா துளிரைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். வசந்தத்தைக் காசு கொடுத்துப் பார்க்கப் போவார்கள் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் அம்மா நம்பியிருக்கமாட்டார்.

இரண்டு பெண்கள் தனியாக, பயமில்லையா? (ஈப்போவிலிருந்து ஒரு வாசகி)

அறைக் கதவுக்குப் பூட்டே இல்லை. காகிதம் ஒட்டிய தள்ளுகதவு. பயம் வரவில்லை. ஆனால் ஊர் எல்லையில் 'ந்யோனின்தோ' என்ற சின்ன மண்டபத்தில் சற்று நின்றேன். 'பெண்கள் மண்டபம்' என்று பொருள். ஆயிரம் ஆண்டு பெண்களை மலைக்குள் விடவில்லை. வந்த பெண்கள் எல்லையில் இருந்த ஏழு மண்டபங்களில் தங்கி, மலை முகட்டையே சுற்றி நடந்து, மரங்களின் இடுக்கில் தெரிந்த கோயிலைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள். ஏழில் மிஞ்சியது இது ஒன்று. 1872இல் அரசு தடையை நீக்கியது, மலை மனமிரங்க அதன் பிறகும் பல ஆண்டுகள் ஆயின. அண்ணி செருப்பைக் கழற்றிவிட்டு மண்டபத்துக்கு ஒரு கும்பிடு போட்டார். உள்ளே இருந்த சாமிக்கா, வெளியே நின்ற பெண்களுக்கா என்று நான் கேட்கவில்லை.

நாம் சிவனை வணங்குகிறவர்கள். வேற்று மதக் கோயிலில் தங்கி, அவர்கள் பூசையில் உட்கார்ந்தது சரியா? (லூனாஸிலிருந்து ஒரு கோயில் நிர்வாகக் குழுச் செயலாளர்)

ஐயா, நடந்ததைச் சொல்கிறேன், தீர்ப்பு உங்களுடையது.

இரண்டாம் நாள் காலை "இன்று கோமா இருக்கிறது" என்றார் துறவி. முந்தின நாள் எள்ளுத் தோஃபுவுக்கும் 'கோமா' என்றுதான் பெயர் சொன்னார்கள், எள்ளுக்கு ஜப்பானியத்தில் கோமா. அண்ணிக்கோ அண்ணன் கடைசியாக மருத்துவமனையில் கிடந்த கோமாதான் தெரியும். இருட்டு மண்டபத்தில் போய் உட்கார்ந்தால், குருக்கள் நெருப்பு வளர்த்து, எண்ணெய் விட்டு, சமித்து போலக் குச்சிகளை ஒவ்வொன்றாக இடுகிறார். நம் ஹோமம் சீனா போய், அங்கிருந்து ஜப்பான் போய், கோமா ஆகியிருக்கிறது. வேண்டுதலை எழுதிக் கொடுத்த குச்சிகளும் அதில் எரிந்தன. மந்திரம் 'ஓன்' என்று தொடங்கியது. கொஞ்சம் காதைத் தீட்டினால் 'மணி ஹண்டோமா' என்று ஓர் இடம் வந்தது. மணி பத்மா! 'பத்மா' அவ்வளவு தூரம் நடந்ததில் கால் தேய்ந்து 'ஹண்டோமா' ஆகிவிட்டது.

மண்டபத்தில் எட்டு ஆசாரியர்களின் படங்கள் தொங்கின. எட்டாவது கூக்காய். இளந்துறவி அவற்றில் ஒன்றைக் காட்டி, என்னையும் காட்டி, "இந்தோ, இந்தோ" என்றார், இந்தியா என்று. அது வஜ்ரபோதி. தென்னாட்டவர், காஞ்சிபுரத்தோடு தொடர்புடையவர். கப்பலேறி, இலங்கை வழியாக, நம் பக்கத்து ஸ்ரீவிஜயத்தில் காற்றுக்காகக் காத்திருந்து, 720 வாக்கில் சீனா போய்ச் சேர்ந்தார். அவருடைய சீடர் அமோகவஜ்ரர், அவருடைய சீடர் ஹுய்குவோ, 804இல் சீனாவுக்குப் போய் அந்த ஹுய்குவோவிடம் பாடம் கேட்டவர்தான் கூக்காய். நம் தாத்தாக்கள் நாகப்பட்டினத்தில் கப்பலேறியதற்கு ஏறக்குறைய ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் இந்தக் கடலைக் கடந்திருக்கிறார். அவர் ரப்பர் வெட்ட வரவில்லை என்பதுதான் வித்தியாசம்.

அன்று மாலை தியானம் சொல்லிக்கொடுத்தார்கள். சுவரில் ஒரு சுருள் படம்: வெண்ணிலா வட்டம், கீழே தாமரை, நிலாவுக்குள் ஒரே ஓர் எழுத்து. அது 'அ'. சித்தம் என்ற பழைய இந்திய எழுத்து. நம் எழுத்தைப் போலவே பிராமியின் பேத்தி, ஆனால் சாயல் இல்லை. அதைப் பார்த்துக்கொண்டே மூச்சை விடும்போது 'அ...' என்று சொல்ல வேண்டும். தோன்றாத மூலத்துக்கு அதுவே அடையாளமாம். முப்பத்தொரு ஆண்டு ஒன்றாம் வகுப்புக்குச் சுழி, வளைவு, கோடு என்று கரும்பலகையில் அந்த எழுத்தைப் போட்டிருக்கிறேன். அதன் எதிரில் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்தது அன்றுதான். கால் மரத்துப்போயிற்று, எழுந்திருக்க இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது.

என் சிவபெருமான் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. குழுக் கூட்டத்தில் வைத்து முடிவெடுங்கள்.

என் தாத்தாவைத் தோட்டத்து லயத்திலிருந்து லாரியில் ஏற்றிச் சயாமுக்குக் கொண்டுபோனவர்கள் ஜப்பான்காரர்கள். அவர் திரும்பவே இல்லை. நீங்கள் அவர்கள் கோயிலில் படுத்து எழுந்து வந்திருக்கிறீர்கள். வெட்கமாக இல்லையா? (கோல கங்சாரிலிருந்து ஒரு வாசகர்)

இந்தக் கடிதத்தை மூன்று முறை படித்தேன் ஐயா.

என் பெரியப்பாவும் போனவர். 1943. நல்ல கூலி, அரிசி, மூன்று மாதத்தில் திரும்பலாம் என்று சொன்னார்களாம். சயாமிலிருந்து பர்மாவுக்கு ஜப்பான் ராணுவம் போட்ட 415 கிலோமீட்டர் மரண ரயில்பாதை. வெள்ளைக்காரக் கைதிகளுக்குக் கல்லறையும் பெயர்ப்பலகையும் இருக்கின்றன. காலராவிலும் பசியிலும் செத்த நம் ஆட்களில் பெரும்பாலோருக்கு ஒரு குச்சிகூட நடவில்லை. எங்கள் வீட்டில் பெரியம்மா சாகும்வரை தாலியைக் கழற்றவில்லை. இறந்தார் என்று யாரும் வந்து சொல்லாததால் பொட்டும் அழியவில்லை. தேதி தெரியாததால் திதி கொடுக்க வழியில்லை. ஆடி அமாவாசையில் எல்லாருக்கும் படைக்கும்போது ஓர் இலை அதிகம் போடுவார், அவ்வளவுதான். அந்த இலைக்கு எதிரே யார் உட்கார்ந்திருப்பதாக நினைத்துப் பரிமாறினாரோ!

அந்த ஓர் இலையைச் சுமந்துகொண்டுதான் நான் போனேன். கோயாசானில் 'ஒக்குனோயின்' என்ற இடுகாடு இரண்டு கிலோமீட்டர் நீளம். வானளந்த தேவதாரு மரங்களின் அடியில் இரண்டு லட்சத்துக்கும் மேல் கல்லறைகள், பாசி பிடித்துப் பச்சைப் பட்டுப் போர்த்தியவை. கரையான் ஒழிக்கும் தொழில்காரர்கள் தாங்கள் கொன்ற கரையான்களுக்கு வைத்த கல்கூட இருக்கிறது. அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. கரையானுக்குக் கல் இருக்கிறது.

இன்னொரு கல் இருக்கிறது. 1599இல் ஷிமாசு என்ற படைத்தலைவரும் மகனும் வைத்தது. கொரியாவின் மேல் படையெடுத்துப் போய் இவர்கள் கொன்றவர்களுக்கும், இவர்கள் பக்கத்தில் செத்தவர்களுக்கும் சேர்த்து ஒரே கல். பகைவனையும் நினைத்தார்களே என்று வழிகாட்டிப் பலகை பெருமைப்படுகிறது. நான் அவ்வளவு தாராளமாக இல்லை. கொல்லப்பட்டவனின் பேரன் வந்து நட்டிருந்தால் பெருமைப்படலாம். கொன்றவன் நட்டான். இருந்தாலும், அந்த ஒன்றையாவது செய்தான் என்று நினைத்தபடி நின்றேன்.

கடைசிப் பாலத்துக்கு முன்னால் ஓடையோரமாக வெண்கலச் சிலைகள். இறந்தவர் பெயரை மெல்லிய மரச்சீவலில் எழுதி வைத்து, மேலே அகப்பையால் தண்ணீர் ஊற்றுகிறார்கள். எழுதித் தருபவரிடம், நானே எழுதலாமா என்று சைகையில் கேட்டேன். தூரிகையை என் பக்கம் திருப்பி நீட்டினார். பெரியப்பா பெயரைத் தமிழில் எழுதினேன். தூரிகை பழக்கமில்லாத கை, மை பரவி ஓர் எழுத்து கொழுத்துவிட்டது. அண்ணிதான் தண்ணீர் ஊற்றினார்.

அன்று இரவு இளந்துறவியிடம் பாதி ஆங்கிலத்திலும் பாதிக் கையசைவிலும் சொன்னேன், இரயில், 1943, பெரியப்பா. அவருக்கு முப்பது வயது இருக்காது. எதுவும் சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. பெயரை ஒரு தாளில் அவர்கள் எழுத்தில் குறித்துக்கொண்டார். மறுநாள் காலை வழிபாட்டில் ஜப்பானியப் பெயர்களுக்கு நடுவே அது வந்தது. பெரியப்பாவின் பெயரில் இருக்கும் 'ல' அந்த நாவில் 'ர' ஆகிவிட்டது. ஒரு முறைதான். நான் திருத்தவில்லை. எண்பது ஆண்டுக்கு மேலாகிவிட்டது, அந்தப் பெயரை வீட்டுக்கு வெளியே யாரும் உரக்கச் சொல்லி.

வெட்கமில்லை ஐயா. கோபம் போய்விட்டதா என்று கேட்டிருந்தால், போகவில்லை என்பேன். உங்கள் தாத்தாவின் பெயரை எழுதி அனுப்புங்கள். அடுத்த முறை யாராவது போனால் இரண்டு சீவலாக வைக்கச் சொல்கிறேன். வேண்டாம் என்றாலும் எனக்குப் புரியும்.

டீச்சர், ஜப்பானில் செத்துப்போன ஒரு சாமியாருக்குத் தினமும் சாப்பாடு கொண்டுபோகிறார்களாம். யார் சாப்பிடுகிறார்கள்? (சுங்கை சிப்புட்டில் நான்காம் வகுப்பு மாணவன்)

தம்பி, செத்துப்போனார் என்று அங்கே சொல்லிவிடாதே. கூக்காய் 835இல் தியானத்தில் அமர்ந்தார், இன்னும் எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான் என்பது அவர்கள் நம்பிக்கை. நம் ஊரில் ஜீவசமாதி என்பார்களே, அதுபோல. காலை ஆறு மணிக்கும் பத்தரைக்கும் மரப்பெட்டியில் உணவை வைத்து, இரண்டு துறவிகள் தோளில் சுமந்துபோவார்கள். முதலில் ருசி பார்க்கும் சாமி ஒருவர் சின்ன மாடத்தில் இருக்கிறார், அவருக்குக் காட்டிவிட்டுத்தான் பாலத்தைத் தாண்டுவார்கள். பாலத்துக்கு அப்பால் படம் எடுக்கக் கூடாது, தொப்பி போடக் கூடாது. ஆகவே பெட்டி உள்ளே போனதைத்தான் பார்த்தேன். சாப்பாட்டில் உப்புக் குறைவாகத்தான் இருந்திருக்கும்.

யார் சாப்பிடுகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. ஆடி அமாவாசை அன்று உன் பாட்டி இலை போடுவார் அல்லவா? அவரிடம் கேட்டுவிட்டு எனக்கு எழுது. எழுத்துப் பிழை இல்லாமல்.